வலது தோளில் சூரியன்

செகந்திராபாத்தில் வழி கேட்பவரிடம் 'தெரியாது' என்று யாரும் சொல்வதில்லை. இந்த விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஒருவேளை அதனால்தான் எல்லோரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். சிவப்பு விளக்கும் தலைக்கவசமும் சட்டத்தில் எழுதப்பட்டவை. அவற்றின் நிலை ஊரறிந்தது. வழி விஷயம் அப்படியன்று. கேட்கப்படும் இடம் எங்கே இருக்கிறது, உண்மையிலேயே இருக்கிறதா என்பவையெல்லாம் இரண்டாம்பட்சம். கேள்வி முடிவதற்குள் கை நீளும். விரல் ஏதோ ஒரு திசையைத் தேர்ந்துகொள்ளும். 'ஆகே ஜாகே பூச்லோ' என்ற வாக்கியத்தோடு, அதாவது முன்னே போய் வேறு யாரையாவது கேட்டுக்கொள் என்ற ஆசியோடு, பொறுப்பு அடுத்த தெருமுனைக்குக் கைமாறும். கேட்டவரும் நன்றி சொல்லிப் புறப்படுவார். செல்பேசி வரைபடங்கள்கூட இந்த ஊருக்கு வந்தபின் இதே பண்பாட்டைக் கற்றுக்கொண்டுவிட்டன என்பது ஜூடித்தின் கருத்து.

ஜூடித் முன்பு பள்ளித் துணைத் தலைமையாசிரியை. பிள்ளைகள் கொண்டுவந்த விடுப்புக் காரணங்களை ஆண்டுக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, ஒரு பொய்யின் அமைப்பை வைத்தே அதை இயற்றியவர் யாரென்று சொல்லும் பயிற்சி அவருக்கு வாய்த்திருந்தது. பணி ஓய்வுக்குப் பின் அந்தப் பயிற்சியை வீணாக்க மனமில்லாமல், மெட்டுகுடாவில் ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் தொடங்கினார். உதவியாளன் கணேஷ்குமார், கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்காக வந்தவன். வேலை அவனை விட்டுப் போனது, பேச்சு போகவில்லை.

அந்த டிசம்பர் காலையில் அவர்கள் எதிரே, வெள்ளைச் சீருடையில், ஃபிரெடி உட்கார்ந்திருந்தான். 'அன்புக்கரம்' என்ற அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

"இன்னைக்குச் சாயந்திரம் செக்ரட்டரி பாலச்சந்திரன் சார் வரச் சொல்லியிருக்காரு அக்கா. வரும்போது வண்டிச் சாவியையும் யூனிஃபார்மையும் கொண்டாந்து குடுத்துடுன்னுட்டாரு."

"யூனிஃபார்ம அங்கயே கழட்டிக் குடுத்துட்டா, திரும்பி என்னத்தப் போட்டுட்டு வருவீங்க?" என்றான் கணேஷ்குமார். "அதக் கேட்டீங்ளா?"

"கணேஷ், நக்கோ, வேண்டாம்," என்றார் ஜூடித். "நீ சொல்லு ஃபிரெடி. முதல்லேர்ந்து."

ஃபிரெடி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முந்தாநாள் சாயந்திரம் ஒரு கால் வந்துச்சு. சைனிக்புரி, மேஜர் நடேசன் வீடு. நெஞ்சு வலி. அவரு வீட்டம்மாதான் பேசினாங்க. நான் சைரன் போட்டுக் கிளம்பிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, ஜனங்க நல்லா வழி விட்டாங்க. விட்ட வழியில எனக்குப் பின்னாடி அஞ்சாறு பைக்கும் புகுந்துக்கிச்சு. அது எப்பவும் உள்ளதுதான். காலனிக்குள்ள போனதும் போன்ல 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்'னு சொல்லிடுச்சு. எதிர்ல பாத்தா முக்கோணமா ஒரு பார்க்கு. பார்க்குக்கு எப்படிக்கா நெஞ்சு வலி வரும்?"

"அப்புறம்?"

"அங்க ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தாரு. மங்கி கேப்பு, மஃப்ளர், கையில தடி. மூஞ்சியே சரியாத் தெரியல. 'மேஜர் நடேசன் சாப் கா கர் கிதர்?'னு கேட்டேன். வழி சொன்னாரு."

"அவர் சொன்னதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே."

ஃபிரெடி கண்களை மூடிக்கொண்டான். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிக்கும் சிறுவனின் குரல் அவனுக்கு வந்தது.

"'சீதா போ. நீலத் தண்ணித் தொட்டி வரும். அங்க சீதே ஹாத் திரும்பு. அப்புறம் சூரியனை வலது தோள்ல வச்சுக்கிட்டு, மூடிக்கிடக்கிற பேக்கரி வர்ற வரைக்கும் எந்தச் சந்துக்கும் இடம் குடுக்காதே. பேக்கரி தாண்டினதும் உல்ட்டே ஹாத். இறக்கம் முடியற இடத்துல பச்சை கேட்.' ஹிந்தியில சொன்னாரு, பட்டாளத்து ஹிந்தி. இத்தன வருஷம் வண்டி ஓட்டுறேன். எனக்கு எவனும் சூரியனை அடையாளம் சொன்னதில்லக்கா."

"எனக்கொரு டவுட்டுங் மேடம்," என்று கணேஷ்குமார் கையைத் தூக்கினான். "சீதான்னா நேரா. அப்ப சீதே ஹாத்துன்னாலும் நேராத்தான? நானு வந்த புதுசுல அப்படி நெனச்சுத்தான் ஹாஸ்டலுக்குப் போகாம ஊர் எல்லைக்கே போயிட்டேன்."

"சீதே ஹாத்னா சோத்துக்கை, ரா. வலது பக்கம். உல்ட்டே ஹாத் இடது பக்கம். ஃபிரெடி இங்கேயே பொறந்தவன், அதுல தப்பு பண்ண மாட்டான்." ஜூடித் ஃபிரெடியிடம் திரும்பினார். "பச்சை கேட் இருந்துச்சா?"

"ஹவ், ஆமாக்கா, இருந்துச்சு. மல்லாபூர்ல, ஒரு ஃபேக்டரிக்கு! ஷிஃப்ட் விடுற நேரம். கேட்டைத் தொறந்ததும் ஜனம் வெள்ளமா வந்து வண்டியைச் சூழ்ந்துக்கிச்சு. என் பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்த பைக்காரங்களும் வரிசையா வந்து நின்னாங்க. 'எங்களை எங்கேடா கூட்டிட்டு வந்தே?'ன்னு என்கிட்டயே சண்டை! பக்கத்து டீக்கடைல சைனிக்புரிக்குக் குறுக்கு வழி கேட்டேன். அவரு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே கையில ஒரு கிளாஸ் டீயை வச்சிட்டாரு. அந்தப் பைக்காரன்ல ஒருத்தன் அதைப் போட்டோ எடுத்துட்டான்."

அந்தப் புகைப்படம் இப்போது ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூடித்தின் செல்பேசிக்கும் மூன்று குழுக்கள் வழியாக வந்து சேர்ந்திருந்தது. கதவு திறந்த ஆம்புலன்ஸ், சுழலும் சிவப்பு விளக்கு, அருகே தேநீரோடு ஃபிரெடி. கீழே யாரோ கவிதை வேறு எழுதியிருந்தார்.

"ஒருவழியா அந்த வீட்டைக் கண்டுபிடிச்சுப் போனேன். அந்தம்மா கேட்டுக்கிட்டயே நிறுத்தித் திட்டினாங்க. 'அவரு தானாவே சரியாயிட்டாரு, நீ போய்த் தூங்கு'ன்னாங்க. அடுத்த நாள் செக்ரட்டரிக்கு போன் பண்ணிட்டாங்க. போட்டோவும் அவருக்குப் போயிடுச்சு. 'வழி சொன்ன ஆளைக் கொண்டா, இல்லன்னா சாவியைக் கொண்டா'ங்கறாரு." ஃபிரெடி தன் சட்டைப் பையில் தைக்கப்பட்டிருந்த சிவப்புச் சின்னத்தைத் தடவினான். "டீக்கு வேலை போச்சுன்னு வீட்டுல எப்படிக்கா சொல்வேன்? ஒரு வாய்கூடக் குடிக்கல."

"ஹைதராபாத்ல தப்பா வழி சொன்ன ஆளைக் கண்டுபிடிக்கோணுமா?" கணேஷ்குமார் நாற்காலியில் சாய்ந்தான். "சரியாச் சொன்னவனத் தேடலாமுங். ரெண்டு மூணு பேருதான் இருப்பாங்க, சீக்கிரம் முடிஞ்சுரும்."

ஜூடித் ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டிருந்தார்.

பின்னிருக்கையில் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதில் ஜூடித் கண்டிப்பானவர். கணேஷ்குமாருக்கு வாய்த்த கவசம் அவனைவிடப் பெரிய தலை ஒன்றுக்காகச் செய்யப்பட்டது. சைனிக்புரி வரை அவன் பேசியதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது, பாதி கேட்கவில்லை. ஜூடித் அந்தக் கவசத்தை மாற்றாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முன்னாள் படைவீரர்களுக்காக உருவான அந்தக் காலனியில் காலை பத்து மணிக்கும் குளிர் விலகவில்லை. முக்கோணப் பூங்காவைச் சுற்றி நடந்துகொண்டிருந்த முதியவர்களைக் கணேஷ்குமார் திகைப்போடு பார்த்தான்.

"மேடம், எல்லாருமே மங்கி கேப்பு. எல்லாருமே தடி. எல்லாருமே பட்டாளம். அடையாள அணிவகுப்பு வச்சா, அவங்க லெஃப்ட் ரைட்டுன்னு நடந்தே போயிருவாங்க."

"ஆளைத் தேட வேண்டாம். பேச்சைத் தேடுவோம். போய் மூணு பேர்கிட்ட மேஜர் நடேசன் வீட்டுக்கு வழி கேளு."

அவன் போனான். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவரிடமும், இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடமும், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமும் கேட்டான். மூன்று கைகள் மூன்று திசைகளில் நீண்டன. திரும்பி வந்தான்.

"நாய்க்காரரு கிழக்கங்கறாரு. இளநிக்காரரு மேக்க. அந்தப் பொண்ணு பாட்ட நிறுத்தாமயே ரெண்டு பக்கமும் காட்டுது. முடிவு மட்டும் மூணு பேருக்கும் ஒண்ணுதானுங்: ஆகே ஜாகே பூச்லோ."

"சரி. இப்ப மறுபடி போ. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு, மேஜர் வீட்டுக்குப் போகணும், வழி எதுன்னு கேளு."

இம்முறை ஜூடித் தள்ளி நின்று கவனித்தார். 'ஆம்புலன்ஸ்' என்ற சொல் கணேஷ்குமாரின் வாயிலிருந்து வெளிவந்ததும் நாய்க்காரர் நின்றார். "க்யா ஹுவா? கிஸ்கோ ஹுவா?" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இளநீர்க்காரர் பாதி சீவிய காயை அப்படியே வைத்துவிட்டு, "ஏமைந்தி? எவரிக்கி?" என்று அரிவாளோடு ஓடி வந்தார். ஓடிக்கொண்டிருந்த பெண் காதிலிருந்ததைக் கழற்றினாள்.

கணேஷ்குமார் மூச்சிரைக்க மீண்டான். "வழியே சொல்ல மாட்டேங்கறாங்க மேடம்! யாருக்கு, என்னாச்சு, எப்ப ஆச்சு, பையன் அமெரிக்காவுல இருந்து வந்துட்டானா... மூணு பேரும் கூட வரேன்னு கெளம்பிட்டாங்க. நாயும் ரெடி."

ஜூடித் செல்பேசியை எடுத்தார். "ஃபிரெடி, ஒரே ஒரு கேள்வி. அந்த மங்கி கேப்காரர், யாருக்கு உடம்பு சரியில்லன்னு உன்னைக் கேட்டாரா?"

"இல்லக்கா... கேக்கல. வண்டியைப் பாத்தாரு, வழியைச் சொன்னாரு. அவ்வளவுதான்."

"நல்லது," என்றார் ஜூடித். பிறகு கணேஷ்குமாருக்கு முதுகைக் காட்டியபடி, தணிந்த குரலில் ஏதோ சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

"என்னங் மேடம் ரகசியம்?"

"வேலை விஷயம். இதைக் கேளு. வழி தெரியாதவன் சொல்ற வழிக்குன்னு ஒரு இலக்கணம் உண்டு. நீளம் குறைவா இருக்கும், கையாட்டல் அதிகமா இருக்கும், கடைசியில பொறுப்பை அடுத்தவன் தலையில கட்டிடும். அந்த மனுஷன் சொன்னதுல இது ஒண்ணாவது இருக்கா? திருப்பத்துக்குத் திருப்பம் அடையாளம். தண்ணித் தொட்டி இருந்த இடத்துல இருந்துச்சு. பேக்கரி இருந்துச்சு. பச்சை கேட்கூட இருந்துச்சு. அப்ப அது தப்பான வழியே இல்ல, கணேஷ்."

"பின்ன?"

"மல்லாபூருக்குச் சரியான வழி."

கணேஷ்குமார் தலைக்கவசத்தைக் கழற்றினான். சில செய்திகளை அதற்குள்ளிருந்து கேட்பது முறையாகாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மேஜர் வீட்டுப் பக்கமே போகாத ஒரு வழியை யோசிக்காமச் சொல்லணும்னா, மேஜர் வீடு எங்கே இருக்குன்னு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கணும்," என்று ஜூடித் தொடர்ந்தார். "யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேக்கல. கைக்கு, ஏன் கேக்கல? அதுவும் தெரிஞ்சிருக்கு."

"அப்ப மேஜருக்கு எதிரி! பக்கத்து வீடு. மாமரக் கிளை காம்பவுண்டு தாண்டி வந்துருக்கும். இல்லாட்டி கார் நிறுத்தற சண்டை. நெஞ்சு வலின்னதும் 'சிக்கினான்டா'ன்னு..."

"வீட்டுக்குப் போய்ப் பாப்போம்."

வீடு பூங்காவிலிருந்து ஒரே ஒரு திருப்பத்தில் இருந்தது. இதைச் சொல்லத்தான் அந்த ஊரில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

கதவைத் திறந்த சகுந்தலா, மேஜரின் மனைவி, வாசலிலேயே நிறுத்தினார். "ஆம்புலன்ஸ்காரன் அனுப்பினானா? அவனுக்காகப் பேச வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடுங்க."

"பேச வரலைம்மா, கேக்க வந்திருக்கோம்," என்றார் ஜூடித். "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால தெரிஞ்சுக்கணும்."

கேட்பதற்கு ஒருவர் கிடைத்ததும் சகுந்தலாவின் கோபம் வழிவிட்டது. காபி வந்தது, முறுக்கு வந்தது, கதை அதன் பின்னால் வந்தது.

"சாயந்திரம் டிவி பாத்துக்கிட்டே இருந்தவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். வேர்த்துக் கொட்டுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவர் 'வேண்டாம் வேண்டாம்'னு சொல்லச் சொல்ல நான் போன் பண்ணிட்டேன். போனை வச்சுட்டுத் திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டார். உள்ள தண்ணி மட்டும் கொட்டுது, மனுஷன் பேச மாட்டேங்கறார். கதவைத் தட்டித் தட்டி என் கையே வீங்கிடுச்சு. நானா கதவை உடைக்க முடியும்? ஆம்புலன்ஸ் வந்தா உடைப்பாங்கன்னு வாசலுக்கும் பாத்ரூமுக்கும் ஓடினேன். அவன் வந்தா தானே!" அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "கடைசியில அவரே வெளியே வந்தார். 'வெந்நீர்ல குளிச்சேன், வாயு கலைஞ்சுடுச்சு'ங்கறார். நல்லவேளை, குளிர் பட்டுடக் கூடாதுன்னு மங்கி கேப்பும் மஃப்ளரும் போட்டுக்கிட்டுத்தான் வந்தார்."

கணேஷ்குமாரின் வாயில் முறுக்கு பாதியில் நின்றது. அவன் ஜூடித்தைப் பார்த்தான். ஜூடித் காபியைப் பார்த்தார்.

"குளிச்சுட்டு மங்கி கே..." என்று அவன் தொடங்கியபோது, மேசைக்கு அடியில் ஜூடித்தின் செருப்பு அவன் பாதத்தைக் கண்டடைந்தது.

உள்ளறையிலிருந்து மேஜர் நடேசன் வந்தார். முறுக்கிய வெள்ளை மீசை. ஆணியடித்தது போன்ற நிமிர்வு. ஆனால் உட்காரும்போது மட்டும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஜூடித் அதைக் கவனித்தார்.

"இன்ஷூரன்ஸா?" என்றார் மேஜர்.

"இல்ல சார். பையன் ஊருக்குப் புதுசு. இன்னைக்கு மல்லாபூர்ல ஒரு இன்டர்வியூ. ஊர்ல ஆளுக்கொரு வழி சொல்லிக் குழப்பிட்டாங்க. உங்களைக் கேட்டாச் சரியா இருக்கும்னு சொன்னாங்க."

"அவரையா கேக்கறீங்க?" சகுந்தலாவின் குரலில் சலிப்பும் பெருமையும் சம அளவில் கலந்திருந்தன. "சர்வீஸ் பூரா பையன்களுக்கு மேப் பாக்கக் கத்துக்குடுத்ததுதான் இவர் வேலை."

மேஜரின் முகம் மலர்ந்தது. முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

"நல்லாக் கேட்டுக்கோ தம்பி, ஒரு தடவைதான் சொல்வேன். முக்கோணப் பார்க்குலேர்ந்து ஆரம்பி. சீதா போ. நீலத் தண்ணித் தொட்டி வரும். அங்க சீதே ஹாத் திரும்பு. அப்புறம் சூரியனை இடது தோள்ல வச்சுக்கிட்டு, மூடிக்கிடக்கிற பேக்கரி வர்ற வரைக்கும் எந்தச் சந்துக்கும் இடம் குடுக்காதே."

"இடது தோளுங்ளா?" கணேஷ்குமார் தலையைச் சொறிந்தான். நடிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு நேரவில்லை, உண்மையிலேயே குழம்பியிருந்தான். "வலது தோளுன்னல்லங் கேள்விப்பட்டேன்?"

"அது சாயந்திரம்!" மேஜர் தொடையில் தட்டினார். "தெக்க பாத்துப் போறவனுக்குச் சாயந்திரம்தான்டா சூரியன் வலது தோள்ல. காலையில போறவனுக்கு எப்படி வலது பக்கம்..."

அவர் பேச்சு நின்றது. உயர்ந்த கை காற்றிலேயே தங்கியது.

"வலது தோள்னு உனக்கு யார் சொன்னது?" என்றார் மெதுவாக.

பதில் சகுந்தலாவின் பக்கத்திலிருந்து வந்தது.

"அந்த டிரைவர்," என்றார் அவர். "அன்னைக்குக் கேட்டுக்கிட்ட நின்னு அதைத்தானே சொன்னான்? 'யாரோ ஒருத்தர் சூரியனைத் தோள்ல வச்சுக்கச் சொன்னாரும்மா'ன்னு. நான் அவன் குடிச்சிருக்கான்னு நெனச்சேன்." அவர் கணவரை நோக்கித் திரும்பினார். "பாத்ரூமுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு."

"இருக்கு," என்று ஒப்புக்கொண்டார் மேஜர்.

"தண்ணியைத் திறந்து விட்டுட்டு அந்த வழியாப் போய், உங்களுக்கு வந்த ஆம்புலன்ஸை நீங்களே மல்லாபூருக்கு அனுப்பினீங்களா?"

"வேற எங்கே அனுப்பறது? அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வந்த பச்சை கேட் அது ஒண்ணுதான்."

கணேஷ்குமார் முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தான். "என் எதிரி கணக்கு ஒரு வகையில சரிதானுங் மேடம்," என்று முணுமுணுத்தான். "ஆளு மட்டும் காம்பவுண்டுக்கு உள்ள இருந்திருக்காரு."

"சார்," என்றார் ஜூடித், "அந்த டிரைவருக்கு இன்னைக்குச் சாயந்திரம் வேலை போகப் போகுது."

மேஜர் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. "எதுக்கு?"

"வழியில டீ குடிச்சான்னு."

"அநியாயம்! அவன் மேல என்ன தப்பு? சொன்ன வழியில சொன்னபடி போயிருக்கான். எந்தச் சந்துக்கும் இடம் குடுக்கல. என்கிட்டப் படிச்ச பயல்களே அவ்வளவு ஒழுங்காப் போனதில்ல." அவர் மீசையைத் தடவினார். "அவன் கிளம்பிப் போயிட்டா, சகுந்தலா திட்டுவா, ரெண்டு நாள்ல மறந்துடுவான்னு நெனச்சேன். அவனுக்கு என்ன ஆகும்னு நெனைக்கல."

"ஏன் சார் அப்படிப் பண்ணினீங்க?"

மேஜர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அடுத்த தெருவுல செல்லப்பா இருந்தான். கர்னல். என்னோட பேட்ச். போன மாசம் இதே மாதிரி வலி வந்து ஆம்புலன்ஸ்ல போனான். போகும்போது சைரனோட போனான். திரும்பி வந்தப்ப சைரன் இல்ல."

சகுந்தலா அவர் அருகே போய் நின்றுகொண்டார்.

"இப்ப வலிக்குதா சார்?" என்றார் ஜூடித்.

"சேச்சே. அதெல்லாம் அன்னைக்கே..."

"மறுபடியும் மல்லாபூருக்கு வழி சொல்லாதீங்க," என்றார் சகுந்தலா. "நேராச் சொல்லுங்க."

மேஜர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம்," என்றார். "காலையிலேர்ந்து. இடது தோள் வரைக்கும் வருது."

ஜூடித் அதற்குள் பாலச்சந்திரனை அழைத்திருந்தார். இரண்டே வாக்கியங்களில் நிலைமையைச் சொன்னார். மூன்றாவது வாக்கியத்துக்குள் மேஜர் கையை நீட்டிச் செல்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். அணிவகுப்பு மைதானம் முழுவதற்கும் கேட்க வேண்டிய குரல் அது.

"மேஜர் நடேசன் பேசறேன். வழி சொன்ன ஆள் நான்தான். அந்தப் பையன் மேல ஒரு குத்தமும் இல்ல. அந்த டீயையும் என் கணக்குல எழுதிக்குங்க... இல்ல, வேற டிரைவர் வேண்டாம். அவனே வரணும். வேற யாராவது வந்தா நான் மறுபடியும் குளிக்கப் போயிடுவேன்."

செயலாளர் மறுமுனையில் சொன்னது அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது. "சாவி அவன்கிட்டயே இருக்கட்டும் சார். நீங்க முதல்ல உக்காருங்க."

"அந்த டிரைவர் வந்து சேர நேரமாகுமே!" என்று சகுந்தலா பதறினார்.

"முக்கோணப் பார்க்குல வண்டியோட நிக்கறான்மா," என்றார் ஜூடித்.

கணேஷ்குமார் அவரை உற்றுப் பார்த்தான். "அப்பப் போன்ல ரகசியமாச் சொன்னது அதுங்களா? எப்ப மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"யாருக்குன்னு கேக்காதவர் யார்னு யோசிச்சேன். தனக்குத்தான்னு தெரிஞ்சவன் எதுக்குடா கேக்கணும்? நிச்சயமில்ல. ஆனா நிச்சயமாகற வரைக்கும் வண்டியை மெட்டுகுடாவுல நிறுத்தி வைக்க மனசு வரல."

ஆம்புலன்ஸ் வந்தது. ஃபிரெடி இறங்கி, மங்கி கேப் இல்லாத முகத்தையும் அந்த மீசையையும் முதன்முறையாகப் பார்த்தான். மேஜர் சல்யூட் அடித்தார். ஃபிரெடிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவனும் அடித்தான். பிறகு சக்கரப் படுக்கையை இறக்கினான்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. நாய்க்காரர் வந்திருந்தார், நாயும் வந்திருந்தது. இளநீர்க்காரர் கையில் இம்முறை அரிவாள் இல்லை. "க்யா ஹுவா?" "ஏமைந்தி?" "மேஜர் சாபா?" மேஜர் படுக்கையில் ஏற்றப்பட்டார், சகுந்தலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அமர்ந்தார், ஃபிரெடி ஓட்டுநர் இருக்கைக்குத் தாவி, வண்டியைத் தெருமுனை வரை கொண்டுபோய், சட்டென்று நிறுத்தினான்.

பிரதான சாலைக்குப் போகும் வழியை அவன் உள்ளே வந்தபின்தான் குழாய்க்காகத் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். மண்மேடு, சிவப்புக் கொடி, ஒரு குறுக்குக் கட்டை.

ஃபிரெடி சன்னலை இறக்கினான். "மெயின் ரோடுக்கு வேற வழி எது?"

கேட்டிருக்கக் கூடாது. பின்தொடர்ந்து ஓடி வந்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நீண்டன. கிழக்கு என்றது ஒன்று. மேற்கு என்றது இன்னொன்று. வந்த வழியே திரும்பு என்றார் நாய்க்காரர். ஜூடித்தின் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில், பெரிய தலைக்கவசத்துக்குக் கீழிருந்து கணேஷ்குமாரின் கையும் தன்னிச்சையாக எழுந்து ஒரு திசையைக் காட்டியது. ஊரின் பழக்கம் அவனையும் தொற்றிவிட்டிருந்தது. ஃபிரெடியின் முகம் வெளிறியது. முந்தாநாள் மாலை அவனுக்குத் திரும்பவும் வந்துவிட்டது. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த சிறு சன்னலைத் திறந்தான்.

"சார், நீங்க சொல்லுங்க சார். நீங்க சொல்ற வழியிலயே போறேன்."

நீண்ட கைகள் மரியாதையோடு மடங்கின. வரைபடம் கற்பித்த மனிதர் முழங்கையை ஊன்றி எழுந்தார். திறந்த சிறு சன்னல் வழியே மண்மேட்டைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், காத்திருந்த முகங்களைப் பார்த்தார். மனைவியின் விரல்கள் அவர் கையில் இறுகியிருந்தன.

"தெரியாது," என்றார் மேஜர் நடேசன், தெருக்கோடி வரை கேட்கும்படியாக. "எனக்குத் தெரியாதுப்பா. டிரைவர் நீ. நீ ஓட்டு."